பிள்ளைப்பாக்கத்தில் தைத்த கார்க் கூரை

1

பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கூரையை எங்கே போட்டீர்கள்?" இங்கிலாந்துக்காரர்கள் அண்டை வீட்டாரிடம் வருடத்துக்கு ஒரு கேள்விதான் கேட்பார்கள். அதையும் வானிலை பற்றிக் கேட்டு வீணாக்கிவிடுவார்கள். ஆகவே இதை நாட்குறிப்பில் பதிவு செய்தேன். "பிள்ளைப்பாக்கத்தில்" என்று பதில் சொன்னேன். அது பர்மிங்ஹாமுக்கு அடுத்த ஊர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

அவரிடம் சொல்லாத விவரத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரன். கவன்ட்ரி நகரத்துக்கு வந்து இந்த வருடத்தோடு இருபது வருடம். இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் அளவு சரிபார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளன். தலைமுடியை நாற்பதாகப் பிளந்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அந்த அளவு பிசகினாலும் "செல்லாது" என்று சிவப்பு முத்திரை குத்துவது என் வேலை. மனைவி சரோஜா பிள்ளைப்பாக்கத்துப் பெண், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் மாலதி. பதினெட்டு வயது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்ற சக ஊழியர் ஒருவரிடம் ஒரு பழைய கார் வாங்கினேன். அறுபத்து நாலாம் வருடத்து வண்டி, இரண்டு கதவு, சிவப்பு நிறம், பின்னால் மடங்கும் துணிக் கூரை. சரோஜா அதற்கு வைத்த பெயர் "உங்க ரெண்டாவது சம்சாரம்". ஆனால் நான் அதை வாங்கியதும் வைத்திருந்ததும் வேறு காரணத்துக்காக. கடைத்தெருவில் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கும் மாலதி, இந்தக் காரில் மட்டும் கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் உட்காருவாள். சினேகிதிகள் பார்க்கும்போது தலையைக்கூடக் குனிய மாட்டாள்.

இந்த வருடம் வசந்தத்தில் கூரை பின்கண்ணாடி ஓரமாகப் பிளந்துவிட்டது. ஒட்டினேன். ஒட்டுக்குப் பக்கத்தில் பிளந்தது. மாலதி அக்டோபர் முதல் சனிக்கிழமை நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். காரில் நாலு மணி நேரம். சரோஜாவுக்கு அன்று டியூட்டி, அவளுடைய சின்னக் கார் அவளோடு போய்விடும். மாலதி நிலைமையை இப்படி முடித்தாள்:

"கூரை இருந்தா உங்ககூட வரேன்ப்பா. இல்லன்னா ஜேன் அம்மா வேன்ல போறேன்."

ஜேன் அவளோடு அதே பல்கலைக்கழகத்துக்குப் போகும் பெண். அவள் அம்மாவிடம் பெரிய வேன் இருக்கிறது. அதில் கூரையும் இருக்கிறது.

கடந்த நாலு வருடத்தில் மாலதி என்னிடம் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் நாலு மணி நேரம் வருமா என்பது சந்தேகம். இது மொத்தமாக, ஒரே நாளில், வேறு யாரும் இல்லாமல் கிடைக்கும் நாலு மணி நேரம். அதை ஜேனின் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இங்குள்ள கூரைக் கடையில் விசாரித்தேன். நான் காரை வாங்கிய விலையைவிடக் கூரையின் விலை அதிகம். அதுவும் டிசம்பரில்தான் முடியும் என்றார்கள். அப்பா பெயரில் இருந்த வீட்டுப் பட்டாவை மாற்ற ஆகஸ்டில் ஊருக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தேன். ஊரில் ஆட்டோவுக்கெல்லாம் துணிக் கூரைதானே என்று அன்று இரவு தோசைக்கு நடுவில் தோன்றியது.

2

எங்கள் ஊரின் பெயர் இந்த வருடம், தொண்ணூற்றொன்று மே மாதத்தில், உலகம் முழுவதும் செய்தியில் வந்துவிட்டது. அந்தத் துக்கத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. பெங்களூர் சாலை ஓரமாக லாரிகளும் டீக்கடைகளும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதை மட்டும் சொல்லிக் கன்னியப்பனுக்கு வருகிறேன்.

கன்னியப்பன் என் வயதுக்காரர். சாலையோரத்தில் தகரக் கொட்டகையில் குஷன் கடை வைத்திருக்கிறார். ஆட்டோவுக்கு சீட்டும் டாப்பும் தைப்பது தொழில். என் மைத்துனன் தேவராஜ், அதாவது சரோஜாவின் தம்பி, என்னை அங்கே அழைத்துப் போனான். பழுப்புக் காகிதத்தில் நான் வரைந்திருந்த முழு அளவு வரைபடத்தைத் தரையில் விரித்தேன். ஒன்பது தாள்களை ஒட்டியது. அறுபத்து மூன்று அளவுகள். மூலைக்கு மூலை கல் வைத்தோம்.

கன்னியப்பன் அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"கோலம் நல்லா கீது சார். வண்டி எங்க?"

"வண்டி இங்கிலாந்தில் இருக்கு. எல்லா அளவும் இதிலேயே இருக்குங்க. தேங்க்யூ."

"வண்டி இல்லாம டாப்பா? மாப்பிள்ள இல்லாம சட்ட தைக்கச் சொல்ற மாதிரி கீதே. அளவு சட்டையாச்சும் எட்த்தாந்தியா?"

"கிழிஞ்சதுதான் அளவு. அது காரிலேயே இருக்கு. தயவுசெய்து நீங்க இந்த வரைபடத்தைப் பார்த்தா..., தேங்க்யூ."

கன்னியப்பன் தேவராஜ் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். எனக்கு நன்றாகவே கேட்டது. "இன்னாப்பா உங்க மாமா, சும்மா சும்மா தேங்க்ஸ் சொல்றாரு? துட்டு குடுக்க மாட்டாரா?"

"அங்க பழக்கம்ணே. பஸ்லருந்து எறங்கனா டிரைவருக்கே தேங்க்ஸ் சொல்லுவாங்களாம்."

"அவன் ஸ்டாப்பிங்ல நிறுத்தறதே அங்க அதிசயமா?"

இருபது வருடப் பழக்கத்தை நாலு நாளில் நிறுத்த முடியாது. ஆனால் அன்றிலிருந்து கன்னியப்பனிடம் "சரி" என்று மட்டும் சொல்லப் பயிற்சி எடுத்தேன்.

அடுத்தது துணி. இங்கே கவன்ட்ரிக் கடையில் மூன்று தினுசு காட்டியிருந்தார்கள், மூன்றும் கறுப்பு. கன்னியப்பன் பதினொரு சுருள்களை இறக்கினார். மஞ்சள், பச்சை, புலிக்கோடு, பாம்புத்தோல் மாதிரி ஒன்று. லாரித் தார்ப்பாய்த் துணியும் இருந்தது. அது நீர் புகாது, ஆனால் மடங்கவும் மடங்காது. ஒவ்வொரு ரெக்ஸினையும் பத்து முறை மடித்து, விரித்து, மடிப்பில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கடைசியில் முதுகில் நூல்துணி ஒட்டிய கனமான கறுப்பு ரெக்ஸினைத் தேர்ந்தெடுத்தேன்.

"வெறுங் கறுப்பா?" என்றார் கன்னியப்பன். "சாவு வண்டி மாதிரி இருக்கும் சார். ஓரத்துக்கு ஒரு செவப்பு பைப்பிங் குடுக்கறேன். உள்பக்கம் லைனிங் தாமரைப்பூ டிசைன்."

"உள்ளே பூ வேண்டாம்."

"உள்ள பூ இல்லாத டாப்பு நான் தச்சதே இல்ல. அண்ணாந்து பாத்தா மனுசனுக்கு ஏதாச்சும் தெரியணும் சார். பின்னாடி இன்னா எழுதணும்?"

"ஒன்றும் எழுத வேண்டாம்."

"சாமி பேரு?"

"வேண்டாம்."

"பொண்ணு பேரு?"

இதற்கு நான் ஒரு வினாடி தாமதித்தேன். அது தவறு. எழுத்து வேண்டாம் என்று சாதித்தேன், ஆனால் அந்த ஒரு வினாடியை வைத்துக்கொண்டு கன்னியப்பன் தாமரைப்பூவை வாங்கிவிட்டார். எப்போது தைக்கலாம் என்று கேட்டேன். "ஆடி மாசம். எவனும் புது வண்டி எடுக்க மாட்டான். ஃப்ரீயாத்தான் கீறேன்" என்றார். ஆனால் ஒரே நிபந்தனை: காகிதத்துக்கு அவர் தைக்க மாட்டார். வண்டி வேண்டும்.

3

வண்டியைத் தேவராஜ் கட்டினான்.

பிள்ளைப்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் பின்னால் நெல் அடிக்கும் களம் இருக்கிறது. அதில் நாலு சவுக்குக் கட்டைகளை நட்டோம். முன்கண்ணாடிச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு குறுக்குக் கட்டை. கூரையைத் தாங்கும் மூன்று வளைவுக் கம்பிகளுக்குப் பதிலாகப் பிளந்த மூங்கிலைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்துக் கட்டினோம். ஒவ்வொரு கட்டையையும் எஃகு அளவுகோல் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு கட்டை கால் அங்குலம் தள்ளியிருந்தது. பிடுங்கி மறுபடி நடச் சொன்னேன்.

"மாமா, இது ஓடப் போற வண்டியா?" என்றான் தேவராஜ். ஆனாலும் பிடுங்கினான்.

கன்னியப்பன் சைக்கிளில் வந்து பார்த்தார். "ஆள் ஒக்காந்தாத்தான் டாப்பு ஒயரம் தெரியும்" என்றார். இரண்டு ஒயர் நாற்காலிகளைக் காலை வெட்டிக் குட்டையாக்கிக் களத்தில் போட்டார்கள். நான் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கைய ஸ்டேரிங் புடிக்கிற மாதிரி வெச்சிக்கோ சார். ஆங். பள்ளத்துல எறங்குது, குலுங்கு பாப்போம்... தல இடிக்குதா?"

குலுங்கினேன். இடிக்கவில்லை. இதை ஏரிக்கரைப் பாதையில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊரான வல்லம் வடகாலிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் மடித்த காகிதம்.

"கார் கம்பெனி சார் நீங்கதானா?"

"எந்தக் கம்பெனி?"

"லண்டன்லருந்து வந்து இங்க கார் ஃபேக்டரி போடறீங்களாமே. சாம்பிள் வண்டி கட்டிகினு கீறாங்கன்னு நேத்து சொன்னாங்க. நான் பட்டாளத்துல டிரைவர். ஹெவி லைசன்ஸ். ஷிஃப்ட் எதுவானாலும் பரவால்ல சார்."

இது சாம்பிள் இல்லை, சவுக்குக் கட்டை என்று களத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் அதைச் சுற்றி வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். "மொதல்ல எல்லாம் கட்டையிலதான் செய்வாங்க சார், எனக்குத் தெரியும்" என்று சொல்லி விண்ணப்பத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் ஏழு விண்ணப்பங்கள் சேர்ந்தன. தேவராஜ் களத்தின் நடுவில் நின்று சத்தம் போட்டான். "யோவ், அறிவிருக்கா? ஆடி மாசத்துல எவனாச்சும் கம்பெனி ஆரம்பிப்பானா?"

கூட்டத்தில் ஒரு பெரியம்மா சொன்னாள்: "வெள்ளக்காரனுக்கு ஏதுடா ஆடி?"

தேவராஜ் விண்ணப்பங்களை அடுக்கி மேலே ஒரு கல் வைத்தான்.

மூன்று மணிக்குப் படப்பையிலிருந்து ஒரு நிலத் தரகர் வந்தார். வெள்ளைச் சட்டை, கைக்குட்டையைக் காலருக்குள் சொருகியிருந்தார். நாற்காலியில் உட்காராமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எத்தினி ஏக்கர் பாக்கறீங்க?"

"நான் ஓர் அங்குலம்கூடப் பார்க்கலைங்க. என் பழைய காருக்குத் துணிக் கூரை தைக்க வந்தேன்."

"புரியுது சார். வெளிய சொல்லக் கூடாது. ஒரகடம் ரோட்டு மேலயே ஒரே பிட்டா முடிச்சுத் தரேன்."

"ஐயா, நெல் விளையும் இடம் இது. இங்கே எந்தக் கார் கம்பெனியும் வராது. எழுதி வேண்டுமானாலும் தருகிறேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க வராட்டி இன்னொருத்தன் வருவான் சார்" என்று சொல்லிவிட்டு, வரப்பில் நடந்து, என் பார்வை எட்டும் வரை நிலத்தைக் காலடியால் அளந்துகொண்டே போனார். இதைக் கவன்ட்ரியில் சொன்னால் நம்பமாட்டார்கள். பிள்ளைப்பாக்கத்தில் கார் தொழிற்சாலையாம்!

4

தையல் இரண்டு நாள். சணல் நூல் மாதிரித் தடித்த நூலால் இரட்டைத் தையல். இயந்திரத்தைக் கன்னியப்பன் களத்துக்கே கொண்டுவந்துவிட்டார், ஏனென்றால் தைத்துத் தைத்து மூங்கில் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். நிழலுக்கு மேலே தகரம் நிறுத்தினோம். அதற்குக் கீழே நிழல் இருந்தது, ஆனால் வெயிலைவிடச் சூடாக இருந்தது. ஆடிக் காற்று புழுதியைத்தான் கொண்டுவந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்விளிம்பை வெட்டும் கட்டம். ரெக்ஸினைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்து, முன்கட்டையில் எங்கே முடிய வேண்டுமோ அங்கே கோடு போட்டு வெட்ட வேண்டும். நான் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டேன். கன்னியப்பன் கத்தரியோடு நின்றுகொண்டே இருந்தார்.

"ரெண்டு விரக்கடை உட்டு வெட்டறேன் சார்."

"வேண்டாம். கோட்டில் வெட்டுங்கள். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கு."

"தோ பாருங்க, வெயில்ல இது தொளதொளன்னு கீது. குளுந்தா இழுத்துக்கும். மார்கழில ஆட்டோக்காரன் ஒவ்வொருத்தனா வந்து என்னத் திட்டுவான்."

"அதிகமாக விட்டால் சுருக்கம் விழும். நான் அளவு பார்க்கிற ஆள்ங்க. இதே வேலைதான் இருபது வருடமாக."

"நீங்க பெரிய படிப்பு படிச்சவரு. நான் சொல்றது இன்னான்னா, படத்துக்கு வேர்க்காது சார். துணிக்கு வேர்க்கும்."

"கோட்டில் வெட்டுங்கள், கன்னியப்பன். தேங்க்யூ."

அந்தத் தேங்க்யூவில் இருந்தது நன்றி இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. தேவராஜைப் பார்த்தார். தேவராஜ் மூங்கிலைப் பார்த்தான். கன்னியப்பன் கோட்டின் மேல், ஒரு நூல் பிசகாமல், வெட்டினார். அவ்வளவு நேரான வெட்டை நான் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை. மூங்கில் மேல் போட்டுக் காட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. தாமரைப்பூக்கள் வரிசையாக நின்றன. நான் மிகவும் திருப்தியாக நாட்குறிப்பில் "பிழை: பூஜ்யம்" என்று எழுதினேன்.

பட்டா மாறவில்லை. அதற்கு இன்னொரு மனு கொடுக்க வேண்டுமாம்.

5

கூரையைச் சுருட்டிக் கோணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார் கன்னியப்பன். மீனம்பாக்கத்தில் பெட்டிகளை எடை போட்ட பெண், "இது என்ன சார்?" என்று கேட்டாள். கார்க் கூரை என்றேன். "கார் எங்கே?" என்று எட்டிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் அதை ஓட்டிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்திருக்கலாம்.

லண்டனில் சுங்க அதிகாரி கோணியைப் பிரித்து மேசைமேல் விரித்தார். மேசை போதவில்லை. இன்னொரு மேசையை இழுத்துப் போட்டார். தாமரைப்பூக்கள் வெளிப்பட்டன.

"கூடாரமா?"

"காரின் மேற்கூரை."

"எந்தத் தொழிற்சாலையில் செய்தது?"

"தொழிற்சாலை இல்லை. நெல் அடிக்கும் களம்."

அவர் தன் மேலதிகாரியை அழைத்தார். இருவரும் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்கள். வாகன உதிரிப் பாகம் என்றால் தயாரிப்பாளர் பெயர் வேண்டும். தையல் பொருள் என்றால் ஆடையா, படுக்கை விரிப்பா என்று சொல்ல வேண்டும். பெரியவர் என்னிடம் தயாரிப்பாளர் பெயரைக் கேட்டார். கன்னியப்பன் என்றேன். எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதவைத்தேன். "இந்த நிறுவனம் எவ்வளவு காலமாக இருக்கிறது?" என்று கேட்டார். என் வயதுதான் இருக்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

6

பழைய கூரையைக் கழற்ற ஒரு வாரம் ஆயிற்று. நூற்றுப் பதினெட்டு ஆணிகள். காய்ந்த பசையைச் சுரண்ட நான்கு மாலைகள். மாலதி கல்லூரிக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கராஜ் கதவருகே வந்து நின்று, சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்து, "உள்ள பூவாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே வந்து ஒரு பூவை விரலால் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். நல்லதா கெட்டதா என்று கணிக்க முடியவில்லை.

அவள் புறப்பட வேண்டிய நாளுக்கு ஆறு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, புதுக் கூரையைப் பூட்டினேன். கராஜில் ஏழு டிகிரி. பின்பக்கம் ஆணி அடித்து முடித்து, வளைவுகள் மேல் விரித்து, முன்கண்ணாடிச் சட்டத்துக்கு இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். சரோஜாவைக் கூப்பிட்டேன். இருவரும் இழுத்தோம். மாலதியும் ஒரு கை பிடித்தாள். தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. எஃகு அளவுகோலை எடுத்து இடைவெளியை அளந்தேன். ஒன்றரை அங்குலம்.

ஒன்றரை அங்குலம் என்றால் தமிழில் இரண்டு விரற்கடை.

"தப்பா வெட்டிட்டாரா அந்தாளு?" என்றாள் சரோஜா.

"இல்லை. ரொம்பச் சரியாக வெட்டினார்."

மாலதி கைகளைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "பரவால்லப்பா. ஜேன் அம்மாகிட்ட கேட்டுக்கறேன்" என்றாள். கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். எங்கள் அளவு அறையின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: "இந்த அறை எப்போதும் இருபது டிகிரியில் வைக்கப்பட்டுள்ளது. வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளையும் நான்கு மணி நேரம் இங்கே வைக்காமல் அளக்கக் கூடாது. சூட்டில் அளந்த அளவு செல்லாது." பத்து வருடத்துக்கு முன்பு ஒட்டியது. கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து. என் கையெழுத்து.

கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குக் கீழே வேலை செய்பவர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிள்ளைப்பாக்கத்தில் முப்பத்தெட்டு டிகிரியில் அளந்தவனுக்குச் சிவப்பு முத்திரையை எங்கே குத்துவது என்று யோசிக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

7

துணியைப் பெரிதாக்க முடியாது. ஆகவே கராஜைப் பிள்ளைப்பாக்கம் ஆக்க முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். கதவின் சந்துகளில் பழைய போர்வைகளைத் திணித்தேன். வீட்டிலிருந்த மூன்று மின் ஹீட்டர்களையும் உள்ளே வைத்தேன். மூன்றும் சேர்ந்து எரிந்ததும் வீட்டில் மின்சாரம் போயிற்று. ஒன்றுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கம்பி இழுத்தேன். (அவர் அப்போதும் கேள்வி கேட்கவில்லை.) சரோஜா சின்ன காஸ் அடுப்பைக் கராஜுக்கே கொண்டுவந்து இட்லிப் பானையை வைத்துக் கொதிக்கவிட்டாள். வெப்பமானி இருபத்தாறு டிகிரியில் நின்றுவிட்டது.

மாலதி எட்டிப் பார்த்தாள். கைலியும் பனியனுமாக நின்ற என்னை, பிறகு வெப்பமானியை, பிறகு கூரையைப் பார்த்தாள். உள்ளே போய் ஜேனுக்குப் போன் செய்தாள். சரி, வேனை உறுதி செய்கிறாள் என்று நினைத்தேன். கால் மணியில் ஜேன் நான்கு தலைமுடி உலர்த்திகளோடு வந்து இறங்கினாள். அவளுக்கு மூன்று அக்காக்கள்.

ஒரு ஹீட்டரை அணைத்து, உலர்த்திகளை இரண்டு வீட்டு மின்சாரத்துக்கும் பிரித்துச் சொருகி, ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கூரையின் மேல் நிதானமாக ஓட்டினோம். வெப்பமானி முப்பத்தைந்தைத் தொட்டது. ஜேனின் கண்மை கன்னத்தில் வழிந்தது.

"இது மாமா வீடு மாதிரியே இருக்கு. கொசுதான் இல்ல" என்றாள் மாலதி.

"இழுங்கடி!" என்றாள் சரோஜா.

இழுத்தோம். ரெக்ஸின் ஒரு பெருமூச்சு விட்டது போல் நெகிழ்ந்து, சட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. நான் துணியைக் கூரையின் முன்பட்டையில் ஆணியடித்து, அந்தப் பட்டையைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொக்கிகளால் பூட்டினேன். கன்னியப்பன் மூங்கிலின் மேல் போட்டுக் காட்டிய அதே கூரை. ஜேன் கைதட்டினாள். மாலதி முன்சீட்டில் ஏறிச் சாய்ந்து, அண்ணாந்து, தாமரைப்பூக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"முப்பத்திரண்டு" என்றாள்.

முப்பத்து நாலு. ஆனால் திருத்தவில்லை.

"ஜேன், ஸாரி. நான் அப்பாகூடப் போறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

8

சனிக்கிழமை காலை ஐந்து டிகிரி. கூரை மறுபடி இறுகியிருந்தது. தட்டினால் தவில் மாதிரி சத்தம். கொக்கிகள் தாங்கின, ஆனால் ஒன்று புரிந்தது: இதைத் திறந்தால், இன்னொரு பிள்ளைப்பாக்கம் உண்டாக்காமல் மூட முடியாது. பரவாயில்லை, திறக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை. எட்டு ஐந்துக்குப் புறப்பட்டோம்.

நாலு மணி நேரத்தில் மாலதியிடம் சொல்ல வேண்டியவற்றைப் பதினாலு விஷயங்களாக எழுதி வைத்திருந்தேன். எட்டு இருபதுக்கு முதல் விஷயத்தைத் தொடங்கினேன். எட்டு இருபத்தொன்றுக்கு மழை தொடங்கியது.

இறுகிய தோலின் மேல் மழை விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடும்ப விஷயம் பேசுவது போல் இருந்தது. "என்னப்பா?" என்று கத்தினாள். "பேங்க்!" என்று கத்தினேன். "டேங்க்கா?" என்று பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். நான் காப்பாற்றி வைத்த நாலு மணி நேரம் கூரையில் கொட்டிப் போய்க்கொண்டிருந்தது.

மாலதி என் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். தமிழில் எழுதியிருந்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பன்னிரண்டு வயதில் நிறுத்தியவள். காகிதத்தை மூக்குக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி, மழைக்கு மேல் கத்திப் படித்தாள்.

"ஒ-ன்று! பே-ங்-கில்... ப-ண-ம்..." முடிந்ததும் என் பக்கம் திரும்பித் தலையாட்டுவாள், அல்லது முகத்தைச் சுளிப்பாள். ஐந்தாவதற்கு "நோ!" என்று கத்தினாள். ஆறாவதற்கு, "சரி" என்றாள். ஒன்பதாவது முடிந்தபோது நியூகாசில் வந்துவிட்டது. மழையும் நின்றது. மிச்சத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மாலதியின் விடுதி வாசலில் சாமான்களை இறக்கினோம். ஜேனுக்கு வேறு விடுதி. புல்வெளியில் வெயில். பெட்டிகளோடு நின்ற பெண்களில் சிலர் காரைப் பார்த்துச் சிரித்து ஏதோ பேசிக்கொண்டார்கள். மாலதி அவர்களையும் என்னையும் பார்த்தாள். யாரையும் தெரியாத இடத்தில் நிற்கும் முகம் அது. இருபது வருடத்துக்கு முன் அந்த முகம் என்னிடம் இருந்தது.

"அப்பா, ஒரு ரவுண்டு போலாமா? கூரையத் திறந்து?"

திறந்தால் மூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். கொக்கிகளைக் கழற்றினேன். டம் என்று ஒரு சத்தத்தோடு கூரை தானாகவே பின்னால் பாய்ந்து மடிந்தது. அந்தப் பெண்களில் மூவர் ஓடிவந்து தாங்களும் ஏறலாமா என்று கேட்டார்கள். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள்தான் உட்காரலாம். மூவரும் உட்கார்ந்தார்கள். நூலகம், ஆய்வகம், தேவாலயம் எல்லாவற்றையும் சுற்றி இரண்டு தடவை வந்தோம். மாலதி திரும்பி உட்கார்ந்து அவர்களோடு பேசிக்கொண்டே வந்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவளை இங்கே கொண்டுவந்ததே அதற்குத்தானே.

"போறப்போ மூடிப்பீங்க இல்ல?" என்று கடைசியில் கேட்டாள்.

"மூடிப்பேன்" என்றேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் புறப்பட்டேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் நிறுத்தி இழுத்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம். மழை இல்லை, காற்றுதான். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பளிக் கோட்டின் மேல், கூரை சுற்றி வந்த கோணியையும் போர்த்திக்கொண்டேன். லாரிக்காரர்கள் கையசைத்தார்கள். வீடு சேர்ந்தபோது ஆறரை. டியூட்டி முடிந்து வந்திருந்த சரோஜா என் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"நாலு வாட்டி போன் பண்ணிட்டா. 'அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரா'ன்னு. அவளுக்கு நம்ம போன் நம்பர் தெரியும்ன்றதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

ஹீட்டர் முன்னால் கம்பளியோடு உட்கார்ந்திருந்தபோது ஐந்தாம் முறை அடித்தது. விடுதித் தாழ்வாரத்துக் காசு போனிலிருந்து, பின்னால் பெண்களின் சிரிப்புச் சத்தத்தோடு, மாலதி.

"வந்துட்டீங்களா? கூரை மூடுச்சா?"

"மூடுச்சும்மா."

"சரி. அப்பா, பத்தாவது படிக்கறேன். எழுத்து சரியா தெரியல, நீங்க சொல்லுங்க." காசு விழும் சத்தம் கேட்டது. "கு-ளி-ரில்... த-லை-யை... மூ-டா-மல்... எ-ங்-கும்... போ-க-க்... கூ-டா-து."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல் வந்தது. தொடர்ந்து ஆறு.

மறுமுனையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்களை மாலதி "ஷ்" என்று அடக்கினாள். பிறகு, "அப்பா, நீங்க மூடவே இல்ல இல்ல?" என்று கேட்டுவிட்டு, காசு தீரும் வரை தமிழிலேயே என்னைத் திட்டினாள்.